முறைச்சிக்குப் போட்ட குதிரைமசால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி, கொட்டகையில் நிற்பவர்கள் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகம் என்று போனில் நீ சொல்வதை அப்படியே நம்பிக்கொள்கிறேன், கண்ணால் பார்க்க வழியில்லாதவள் காதால் கேட்டதைத்தானே நம்ப வேண்டும். போன வாரம் ஒரு சாயங்காலம் என் போனிலிருந்து உனக்கு விடாமல் அழைப்பு வந்திருந்ததே, என்னம்மா விஷயம் என்று மறுநாள் கேட்டாய், கை பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். கை படவில்லை, வேண்டுமென்றேதான் அடித்தேன். நீ எடுக்காதது நல்லதாகப் போயிற்று. அது என்ன கதை என்று எனக்குப் போனில் சொல்ல வராது, நான் ஆரம்பிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், இல்லாவிட்டால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு பிள்ளைத்தாச்சியிடம் இதையெல்லாமா சொல்வது என்று கண்ணைக் காட்டுவார். அதனால் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை, இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய்க் கொட்டகையை எட்டிப்பார்க்கிறேன், திரும்பி வந்தால் எதில் விட்டேன் என்று தெரியவில்லை. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தம்பிக்கு ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் வயரிங் வேலை கிடைத்திருக்கிறது, ஏணியில் ஏறும்போது போனில் பேசாதே என்று நீயும் ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் ஏணியில் இருந்துகொண்டே சரிம்மா என்கிறான். அப்பாவுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம், முன்னறை முழுக்க நீலத்துணி மூட்டைகள், நடக்க வழியில்லை. பின்னால் உடைந்த நாற்காலியும் தகரமும் கிடந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்குமே, அதைச் சுத்தம் செய்து தீவனம் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன், என்ன தீவனம் என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. குதிரைமசால். விதைக்கடைக்காரர்தான் தலையில் கட்டினார். குதிரைக்குப் போடுகிறதை மாட்டுக்குப் போட்டால் மாடு ஓட ஆரம்பித்துவிடுமோ என்று கேட்டேன், போட்டுப் பாருங்கம்மா, அப்புறம் நீங்களே என்னைத் தேடி வருவீங்க என்றார். ஒரு காம்புக்கு மூன்று இலை, ஊதாப் பூ, பார்க்கக் கீரைப்பாத்தி மாதிரி இருக்கும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பயறு வகையைச் சேர்ந்ததாம், அதனால் பிண்ணாக்கில் இருக்கிற சத்தில் பாதி இதிலேயே இருக்கிறதாம். நிஜமாகவே கை மேல் பலன் கண்ணு. விலா எலும்பு தெரிந்த மாடுகளுக்கு முதுகு மினுமினுவென்று ஆகிவிட்டது, கன்றுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆட்டம் போடுகின்றன, பால் திக்காக இறங்குகிறது. டீக்கடைக்காரர் ஒரு நாள் பாத்திரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, இப்பல்லாம் தண்ணி ஊத்த மறந்துடறீங்களா?” என்றார். எத்தனை பேர் இருக்கும்போது கேட்டார் தெரியுமா, அந்த ஆளுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்லை.

அதிலும் ஒரு கண்டம் வந்து போயிற்று, அதையும் உன்னிடம் மறைத்தேன். மழை பெய்து ஓய்ந்த காலையில் ஈரத்தோடு இளசாக அறுத்து வந்து வெறும் வயிற்றில் இருந்த சின்னக் கிடாரிக்கு ஆசையாகப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் அதன் இடது பக்கம் பலூன் ஊதினது போல உப்பிக்கொண்டது, தட்டினால் மத்தளச் சத்தம், மூச்சுவிட முடியாமல் நாக்கை நீட்டிவிட்டது. மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால் எண்ணெய் ஊற்றச் சொல்லி, முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி நடக்கவிடச் சொன்னாள். பெரிய ஏப்பமாக விட்டுப் பிழைத்துக்கொண்டது. வயிற்றில் நுரை கட்டிக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு முதலில் வைக்கோலைத் தின்ன விட்டு, பூவெடுக்கத் தொடங்கிய பச்சையாகப் பார்த்து அறுத்து, வெயிலில் வாடப்போட்டுத்தான் கொடுக்கிறேன். அதோடு குதிரைமசாலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினது.

நீ வெளிநாடு போன பிறகு வாங்கின பெரிய மாடு ஒன்று இருக்கிறது, முறைச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் வந்தாலும் கடன்காரனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்க்கும், உன் தம்பி குனிந்துகொண்டே அதைத் தாண்டிப் போவான். கறவையில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. அது இந்த முறை சினையாகி, பாலும் வற்றவிட்டு, நிறைமாசமாக நின்றது. டாக்டரம்மா வந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, கன்று நல்லபடியாக இருக்கிறது, ஆனால், “இனிமே கன்னு போடற வரைக்கும் இவளுக்குக் குதிரைமசால் வேண்டாம்மா, காஞ்ச புல்லும் வைக்கோலும் கொஞ்சம் தவிடும் போதும், கன்னு போட்டப்புறம் தாராளமா போடுங்க” என்றாள். நானும் தலையாட்டினேன், கத்தரிக்கோலோடு வாசலில் நின்ற அப்பாவும் தலையாட்டினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளுக்கும் ஸ்கூட்டரை எடுக்கிற அவசரம். அதே சமயத்தில்தான் நீ போனில், சாப்பாடே இறங்க மாட்டேங்குதும்மா, நெஞ்செரிச்சல், ரொட்டித்துண்டை வச்சு ஓட்டிட்டு இருக்கேன் என்று சொன்னாய். நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நான் பிசைந்த சோற்றை அப்படியே மூடி வைத்தேன். எழுந்து கொட்டகைக்குப் போனால் மற்ற மாடெல்லாம் பச்சையை மென்றுகொண்டிருக்க, வயிற்றைச் சுமந்துகொண்டு நிற்கிறவள் மட்டும் காய்ந்த புல்லை மூக்கால் தள்ளிவிட்டு என்னைப் பார்க்கிறாள். மனசு கேட்கவில்லை கண்ணு. இந்த டாக்டருக்கு என்ன தெரியும், இன்னும் ஒரு பிள்ளை பெறாதவள் என்று அபாண்டமாக நினைத்துக்கொண்டு ஒரு கை அள்ளிப் போட்டேன். அப்புறம் மத்தியானமானால் அப்பா துணி வெட்டுகிற நேரம் பார்த்துத் தினமும் போட்டேன். ஒரு கைதானே, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது, கிடாரிக்கன்று, அம்மாவைப் போலவே பிறந்ததும் பிறக்காததுமாக என்னை ஒரு முறை முறைத்தது. மடி கல்லு மாதிரி இறுகிக் கிடந்ததால் கன்றுக்குச் சீம்பால் குடிக்க விட்டு மிச்சத்தைக் கடைசிச் சொட்டு வரை ஒட்டக் கறந்துவிட்டேன், பாரம் குறைந்தால் சுகமாக இருக்கும் என்று எண்ணம். மறுநாள் காலையில் முறைச்சி பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்தாள். உடம்பில் ஒரு நடுக்கம். மத்தியானத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள், எழுப்பினால் எழவில்லை. கழுத்தை மடித்து விலாவின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது, எப்போதும் முத்து முத்தாக வேர்த்திருக்கும் மூக்கு காய்ந்து போயிருந்தது. கன்று போய் முட்டுகிறது, திரும்பிப் பார்க்கவில்லை. என்னை முறைக்கவும் இல்லை அம்மாடி, நான் அங்கே இல்லாத மாதிரி எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்வீட்டு ரிட்டையர்டு கண்டக்டர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “அன்னைக்கு மாதிரியே எண்ணெய ஊத்துங்கம்மா, யோசிக்காதீங்க!” என்று பஸ்ஸுக்கு விசில் கொடுக்கிற குரலில் கத்துகிறார். நானும் அடுக்களைக்கு ஓடி எண்ணெய் பாட்டிலைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். நல்லவேளை, உன் தம்பி வீட்டில் இருந்தான், டாக்டரம்மாவைப் போனில் பிடித்துவிட்டான். அவள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “வாயில ஒரு சொட்டு ஊத்தாதீங்க, அவளால முழுங்க முடியாது, நுரையீரலுக்குப் போயிடும். பக்கவாட்டுல சாய விடாதீங்க, ரெண்டு பக்கமும் மூட்டை வச்சு முட்டுக்குடுங்க. வந்துட்டே இருக்கேன்.” மூட்டைக்கு எங்கே போவது, தவிட்டு மூட்டை ஒன்றுதான் இருந்தது. உன் அப்பா உள்ளே போய் அந்த நீலத்துணி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாணியிலும் கோமியத்திலும் பள்ளிக்கூடச் சீருடையை அண்டக்கொடுத்துவிட்டு, அவரே சம்மணம்போட்டு உட்கார்ந்து முறைச்சியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொட்டகைப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனுஷன். எனக்குப் பார்க்க ஒரு மாதிரி ஆகிவிட்டது, வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடக்க ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை.

டாக்டரம்மா வந்து ஒரு பார்வை பார்த்ததுமே பால் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். காய்ச்சல் என்று பெயர்தான், உடம்பில் சூடே இருக்காதாம். ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஒரேயடியாக இறங்கிவிட்டதாம், தசையெல்லாம் வேலையை நிறுத்திக்கொண்டே வருமாம், கடைசியில் இதயமும். கால்சியம் பாட்டிலை உன் தம்பி கையில் கொடுத்துத் தூக்கிப்பிடிக்கச் சொல்லி, கழுத்து நரம்பில் ஊசியைக் குத்தி, இன்னொரு கையால் காதில் மாட்டின குழாயை மாட்டின் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். சீக்கிரம் ஏற்றக்கூடாதா என்று கேட்டேன். “சீக்கிரம் ஏத்தினா இதயம் நின்னுடும்மா. நீங்க முதல்ல ஒரு இடத்துல நில்லுங்க, உங்களப் பாத்தா எனக்கே படபடங்குது” என்றாள். நின்றேன். நின்ற இடத்திலேயே புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள், குதிரைமசால் போட்டீங்களா என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை, மத்தியானத்துல ஒரு கை போட்டேன் டாக்டரம்மா என்றேன். ஒரு கைக்கு இவ்வளவு ஆகாதே என்று அவள் நெற்றியைச் சுருக்கினாள். அப்போது கீழேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “தினமும் காலையில நானும் போட்டேங்க. இவ பால் ஊத்தப் போனப்புறம். ஒரு கட்டு இருக்கும்.” நான் அப்படியே அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, முறைச்சியின் கொம்புக்கு நடுவில் தடவிக்கொண்டே, “அங்க நம்ம பொண்ணு என்னத்தச் சாப்பிடறான்னே தெரியல. கூப்பிட்டு ஒரு வாய் போட முடியல. இதுக்காவது போடுவோம்னுதான்” என்றார். உன் கல்யாணத்தன்றைக்குக் கூடக் கண் கலங்காமல் நின்றவர் கண்ணு அவர். உன் தம்பி பாட்டிலைப் பிடித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான். திட்டப்போகிறாள் என்று நினைத்தால் டாக்டரம்மா திட்டவில்லை, குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

குதிரைமசாலில் சுண்ணாம்புச்சத்து கொட்டிக்கிடக்கிறதாம், இன்னும் என்னென்னவோ உப்பும் இருக்கிறதாம். பால் கறக்கிற மாட்டுக்கு அது அமிர்தம். ஆனால் பால் வற்றி நிற்கிற மாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. “கடையிலிருந்து தினமும் சாப்பாடு வந்துட்டே இருந்தா வீட்டுல அடுப்பு பத்தவைக்கவே மறந்துடுவோம்ல, அந்த மாதிரி. தீவனத்துலயே நிறைய கிடைச்சா, உடம்பு தன் எலும்புல இருந்து எடுத்துக்கற பழக்கத்தை விட்டுடும். கன்னு போட்டதும் மடி ஒரே இழுப்பா இழுக்கும், அப்ப திடீர்னு எடுன்னா அதுக்கு வராது. அதுலயும் நீங்க ஒட்டக் கறந்திருப்பீங்க” என்று என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சத்தைக் கொடுத்தே சத்து இல்லாமல் ஆக்கிவிட்டோமா என்று எனக்குத் தலை சுற்றியது. அந்த நிமிஷம் உன் ஞாபகம்தான் வந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்கிறேன், டாக்டர் கொடுத்திருக்கிறார் என்று சொன்னாயே. அவ்வளவுதான், போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே ஓடி உனக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், மாத்திரையைத் தூக்கிப்போடு என்று சொல்லத்தான். நீ எடுக்கவில்லை. டாக்டரம்மா உள்ளேயிருந்தே, யாருக்கும்மா போன் என்றாள். சொன்னேன். அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தவள் இப்போதுதான் கத்தினாள். “அம்மா! நான் மாட்டு டாக்டர்! மாடு வேற, உங்க பொண்ணு வேற. இவ மடியிலருந்து நீங்க குடம் குடமா கறக்கறீங்க, உங்க பொண்ணை யாரு கறக்கப்போறா? வயித்துல வளர்ற பிள்ளைக்கு எலும்பு கட்டறதுக்குத்தான் அவங்க டாக்டர் எழுதிக் குடுத்திருப்பாங்க. நிறுத்தச் சொல்லி கில்லி வச்சீங்கன்னா பழி என் தலையில விழும்.” எதிர்வீட்டுக் கண்டக்டர் சுவருக்கு மேலிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, போனை மடியில் செருகிக்கொண்டு வந்து நின்றேன். அதுதான் அந்தப் போன்களின் கதை.

பாட்டில் பாதிக்கு மேல் இறங்கினதும் முறைச்சியின் தோளில் தோல் சிலிர்த்தது. தொடை துடித்தது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டாள், டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பிறகு முறைச்சி சாணி போட்டாள், அப்பாவின் நீலத்துணி மேலேயேதான். அதைப் பார்த்து இந்த வீட்டில் மூன்று பேரும் இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று யாராவது முன்னாடி சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மூக்கில் பொட்டுப் பொட்டாக வேர்வை வந்தது. ஊசியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தவள், திடீரென்று பின்னங்காலை ஊன்றி, சறுக்கி, மறுபடியும் ஊன்றி எழுந்து நின்றாள். அப்பா எழுந்திருக்க நேரமில்லாமல் பின்னால் சாய்ந்து விழுந்தார். கன்று ஓடிவந்து முட்டியது, அதை நக்கிக்கொண்டே தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், பழைய பார்வை, எல்லாம் உன் வேலைதானே என்பது போல. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. டாக்டரம்மா கைகழுவிக்கொண்டே, மறுபடி விழலாம், கவனமாக இருங்கள், கொஞ்ச நாளைக்கு ஒட்டக் கறக்காதீர்கள், கன்றுக்கு வேண்டியது போக கொஞ்சம் மடியிலேயே விடுங்கள் என்றாள், குதிரைமசாலை இனிமேல் வாடவைத்து வைக்கோலோடு கலந்து போடலாம், இப்போதுதான் அவளுக்கு அது வேண்டும் என்றாள். சொன்னது போலவே மறுநாள் முறைச்சி கொஞ்சம் தள்ளாடினாள், டாக்டரம்மா வந்து இன்னொரு பாட்டில் ஏற்றிவிட்டுப் போனாள். இப்போது முறைச்சி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். அன்றைக்கு ஸ்கூட்டரில் ஏறும்போது டாக்டரம்மா ஒன்று சொல்லிவிட்டுப் போனாள், “பொண்ணுக்குப் போட வேண்டியதையெல்லாம் மாட்டுக்குப் போட்டா மாடு என்னம்மா பண்ணும்? ஒரு நடை போய் பொண்ணைப் பாத்துட்டு வாங்க.”

அந்தப் பேச்சு என்னை உட்கார விடவில்லை. நீ வராதேம்மா, நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம், மாட்டையெல்லாம் யார் பார்ப்பது என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய். நானும் மாட்டைச் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன், நிஜத்தைச் சொன்னால் அவ்வளவு தூரம் தனியாக விமானத்தில் வருவதற்கு எனக்குப் பயம், அங்கே பாஷை தெரியாமல் உனக்குப் பாரமாகிவிடுவேனோ என்றும் பயம். அப்பாதான் சாப்பிடும்போது, “நீ போ. கறக்கறத நான் கத்துக்கறேன்” என்றார். எனக்குப் புரைக்கேறிவிட்டது. மறுநாளே வாளியோடு முறைச்சியிடம் போய் உட்கார்ந்தார், தையல் மிஷினில் ஊசிக்கு நூல் கோர்க்கிற மாதிரி காம்பைப் பிடிக்கிறார், பால் பாதி வாளியில், பாதி வேட்டியில். ஆனால் என்ன மாயமோ, என்னையே உதைக்கிறவள் அவருக்கு ஆடாமல் அசையாமல் நிற்கிறாள். சீருடைத்துணியைச் சோடா போட்டு அலசி வெயிலில் காயவைத்துத் தைத்தும் கொடுத்துவிட்டார், அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். உன் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டான். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். வேண்டாம் என்று சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, பெற்றவள் நான். வந்து ஒன்றும் செய்யப்போவதில்லை, உனக்கு இறங்குகிற மாதிரி ஏதாவது ஆக்கிப் போடுவேன், நீ தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். உன் டாக்டர் எதை வேண்டாம் என்கிறாரோ அதை மட்டும் எனக்கு முதல் நாளே சொல்லிவிடு, ஏன் என்றும் கேட்டுச் சொல், இந்தத் தடவை காரணம் தெரியாமல் தலையாட்ட மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் எனக்காக அறையெல்லாம் ஒழிக்க வேண்டாம் என்று சொல், கூடத்தில் ஒரு பாய் போதும். குனிந்து எதையும் தூக்காதே. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். வேலையில் நின்றுகொண்டே இருக்காதே, யாராவது முறைத்தால் முறைக்கட்டும், நாற்காலியைப் போட்டு உட்கார். நீயும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து வந்து, என் இரண்டு கைக்கும் வேலை கொடுக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை, நூறு வருஷம் நன்றாக இரு. மாத்திரையை மறக்காதே, இன்றைக்குப் போட்டாயா? இந்தத் தபால் எத்தனை நாளில் வருமோ, நான் முந்தி வந்துவிட்டாலும் வந்துவிடுவேன். வாசல் மணி அடித்தால் முதலில் கதவைத் திற, இதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா